வீட்டில் பிள்ளைகளின் திரைநேரத்துக்குக் கருவி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கருவியை வாங்கினால் பிள்ளை போன் பார்ப்பது குறையும்?

கடைக்குப் போகும் முன் மூன்று நாள் வீட்டைக் கவனியுங்கள். பிள்ளை எந்தத் திரையை, எந்த நேரத்தில், எதன் வழியாகப் பார்க்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். திரைக்குள் போக வீட்டில் மூன்று வழிகள்தான் உண்டு: மின்சாரம், வைஃபை, சிம்கார்டு. டிவிதான் பிரச்சினை என்றால் பிளக்கில் மாட்டும் டைமர் போதும். டேப்பில் யூடியூப் என்றால் ரூட்டரிலேயே வேலை முடிந்துவிடும், ஒரு ரூபாயும் செலவில்லை. சிம் போட்ட போன் என்றால் அந்தப் போனுக்குள்ளேயே பூட்டு வேண்டும். ரூட்டரில் என்ன செய்தாலும் அங்கே பலிக்காது.

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். சிம் வழியாகப் பார்க்கும் பிள்ளைக்கு வைஃபையை நிறுத்திவிட்டு, “எதுவும் வேலை செய்யவில்லை” என்று சோர்ந்துபோகிறார்கள்.

எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: 2 வயது நிறையும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடோ பாட்டியோடோ வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள் என்பது அந்தச் சங்கத்தின் கணக்கு.

இன்று 5 மணி நேரம் பார்க்கும் பிள்ளையை நாளைக்கே 1 மணிக்குக் கொண்டுவராதீர்கள். வாரத்துக்கு அரை மணி நேரமாகக் குறையுங்கள். முதலில் குறைக்க வேண்டியது படுப்பதற்கு முந்தைய 1 மணி நேரம். தூக்கம் சரியானாலே காலையில் எழுப்பும்போது நடக்கும் சண்டை பாதியாகக் குறையும்.

டிவிக்கு டைமர் எப்படி மாட்டுவது?

கடையில் “24 மணி நேர டைமர் பிளக்” என்று கேளுங்கள். கையகலத்தில் வட்டமான டயல் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாக 96 சிறு பின்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம். சில மாடல்களில் 48 பின்கள்தான் இருக்கும், ஒன்றுக்கு 30 நிமிடம். 15 நிமிட மாடலையே வாங்குங்கள்.

முதலில் டயலை அம்புக்குறி காட்டும் பக்கமாகத் திருப்பி, இப்போதைய நேரத்தை முள்ளுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்துபோகும். மாலை 5.30 முதல் 6.30 வரை டிவி ஓட வேண்டும் என்றால் அந்த 4 பின்களை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் அழுத்திய பின்களின் நேரத்தில்தான் கரண்ட் வரும், சிலவற்றில் நேர்மாறு. அதனால் மாட்டிய அன்றே ஒரு டேபிள் லேம்பைச் செருகிச் சோதித்துவிடுங்கள்.

43 அங்குல எல்இடி டிவி 100 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். 6 ஆம்பியர் டைமர் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும் என்பதால் சுமை பற்றிய கவலை வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியையே டைமரில் மாட்டாதீர்கள். டிவியின் பிளக்கை மட்டும் மாட்டுங்கள். செட்டாப் பாக்ஸையும் சேர்த்து அணைத்தால், அது மறுபடி எழுந்து சேனல் பிடிக்கவே சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களும் என் கணக்கா என்று பிள்ளை கேட்கும், கேட்பதும் நியாயம்தான்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் இந்த வழிக்குப் போகாதீர்கள். அந்த டிவி அணைத்த பிறகும் ஸ்டாண்ட்பையில் இருந்தபடி தன் திரையைச் சரிசெய்துகொள்ளும். பிளக்கையே வெட்டினால் அந்த வேலை நடக்காமல் போகும். எல்இடி ஸ்மார்ட் டிவியிலும் சாஃப்ட்வேர் அப்டேட் நடுவே கரண்ட் போனால் சிக்கல் வரலாம். டிவியின் மெனுவிலேயே தானாக அணையும் டைமர் இருந்தால் அதைப் பிளக் டைமருக்கு 5 நிமிடம் முன்னதாக வைத்துவிடுங்கள். டிவி தானே அணையும், பிளக் காவலுக்கு நிற்கும்.

டைமர் வைத்தும் டிவி கண்ட நேரத்தில் ஓடுகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது மின்வெட்டு. பல்சக்கர டைமர் கரண்டில்தான் சுற்றுகிறது. 1 மணி நேரம் கரண்ட் போனால் டைமரும் 1 மணி நேரம் பின்தங்கும். 5.30-க்கு வர வேண்டிய டிவி 6.30-க்கு வந்து 7.30 வரை ஓடும். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்களேன், டயலைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் சாக்கெட்டில் மாட்டலாம், அல்லது உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்கலாம்.

இரண்டாவது, டைமரின் பக்கவாட்டில் இருக்கும் சிறு ஸ்விட்ச். ஒரு பக்கம் கடிகாரப் படம், மறுபக்கம் “எப்போதும் ஆன்”. எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது, டிவியின் பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்து சாக்கெட்டில் செருகிவிடுவது. டிவி சுவரில் மாட்டியிருந்தால் டைமர் டிவிக்குப் பின்னால், கை எட்டாத சாக்கெட்டில் இருக்கட்டும்.

ஸ்மார்ட் பிளக் மேலானதா?

நேரம் பின்தங்காது; கிழமைக்குக் கிழமை வேறு அட்டவணை போடலாம்; ஆபீசிலிருந்தே மாற்றலாம். ஆனால் ரூட்டர் தரும் வைஃபை அலைவரிசைகளில் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4-இல்தான் சேரும். முதன்முறை இணைக்கும்போது உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் “பிளக் கிடைக்கவில்லை” என்று திரும்பத் திரும்ப வரும். பிளக்கில் பழுது என்று நினைத்து மாற்றக் கொண்டுபோகாதீர்கள்.

வாங்கியதும் செயலிக்குள் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கும். “ஆஃப்” என்று வையுங்கள். பிளக்கின் உடம்பில் உள்ள பொத்தானைச் செயலிழக்க வைக்கும் “சைல்டு லாக்” இருந்தால் போடுங்கள். அது இல்லாத மாடல் இந்த வேலைக்கு உதவாது.

ரூட்டரில் நேரக் கட்டுப்பாடு வைப்பது எப்படி?

ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும்: 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் அதைத் தட்டினால் உள்நுழையும் பக்கம் வரும். உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் பாஸ்வேர்டை உங்களைப் போலவே உங்கள் பிள்ளையும் படிக்கும்.

அடுத்து ரூட்டரின் கடிகாரம். நேர மண்டலம் +5.30 என்று இருக்கிறதா பாருங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு மண்டலத்தை வையுங்கள். இந்தியாவில் இது 0 என்று விடப்பட்டிருந்தால் இரவு 9 மணிக்கு நிற்க வேண்டிய நெட் அதிகாலை 2.30-க்கு நிற்கும். விலை குறைந்த ரூட்டர்களில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வரை அவை பழைய தேதியில் நிற்கும். தானாக நேரம் வாங்கும் அமைப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும்.

பிறகு “பேரன்டல் கன்ட்ரோல்” பகுதி. அங்கே கருவிகளின் பட்டியல் வரும். பிள்ளையின் டேப்பைத் தேர்ந்து அனுமதி நேரத்தைப் போடுங்கள். ரூட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை, அதாவது கருவிக்கென்று உள்ள தனி அடையாள எண்ணை வைத்து. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, தாமாக உண்டாக்கிய ஒன்றைத்தான் காட்டுகின்றன. வைஃபையை மறந்துவிட்டு மறுபடி இணைத்தால் சில போன்கள் புது முகவரியோடு வரும். ரூட்டருக்கு அது முன்பின் தெரியாத கருவி, கட்டுப்பாடு போயே போச்சு. அதனால் பிள்ளையின் கருவியில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு, “பிரைவசி” பகுதியில் கருவியின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஐபேடில் “பிரைவேட் வைஃபை அட்ரஸ்” என்பதை அணைக்க வேண்டும்.

ரூட்டரில் கருவிவாரிக் கட்டுப்பாடு இல்லையென்றால் “கெஸ்ட் நெட்வொர்க்” என்பதை ஆன் செய்து பிள்ளைகளுக்கென்று தனி வைஃபை பெயர் கொடுங்கள். அதற்கு மட்டும் நேரம் வையுங்கள், நேரம் வைக்கும் வசதி இல்லாவிட்டால் கையால் அணையுங்கள். பெரியவர்களின் வைஃபை பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட வேண்டும். பிள்ளையின் கருவிக்குப் பழைய பாஸ்வேர்டு மனப்பாடம்.

பாஸ்வேர்டை யாரும் சொல்லவில்லை. இருந்தும் பெரியவர்களின் வைஃபையில் சேர்ந்துவிடுகிறான்.

உங்கள் போனில் வைஃபை பெயரைத் தொட்டு “ஷேர்” அழுத்தினால் ஒரு கியூஆர் கோடு வரும். அதை இன்னொரு போன் ஸ்கேன் செய்தால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துகொள்ளும். பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் பூட்டு திறந்த உங்கள் போனும் பத்து நொடியும்தான். அம்மாவின் போனில் பிள்ளையின் கைரேகை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குப் பதிந்தது பல வீடுகளில் அப்படியே கிடக்கிறது. ரூட்டரின் முதுகில் இருக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானையும் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். அதை அழுத்தினால் டிவி, பழைய டேப் போன்றவை பாஸ்வேர்டு கேட்காமலே சேர்ந்துவிடும்.

வைஃபை பெயர் ஒருநாள் திடீரென்று ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயருக்கே மாறியிருந்தால், யாரோ ஊசி முனையால் ரீசெட் பொத்தானைச் சுமார் 10 நொடி அழுத்தியிருக்கிறார்கள். ஃபைபர் இணைப்பில் இப்படிச் செய்தால் நிறுவனத்தின் உள்நுழைவு விவரமும் அழிந்து, வீட்டில் நெட்டே இல்லாமல் போகலாம். அந்த யூசர்நேம், பாஸ்வேர்டை முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்தும் வீடியோ ஓடுகிறதே?

ஏற்கெனவே இறங்கிய பகுதி தீரும் வரை ஓடும். சில ரூட்டர்கள் புது இணைப்பைத்தான் தடுக்கும்; ஓடிக்கொண்டிருப்பதை உடனே வெட்டாது. 10 நிமிடம் தாண்டியும் ஓடினால் அது டவுன்லோடு செய்த வீடியோவாகவோ, பக்கத்து வீட்டு வைஃபையாகவோ, அக்காவின் போன் ஹாட்ஸ்பாட்டாகவோ இருக்கும். நெட் தேவைப்படாத கேம்களையும் ரூட்டரால் தடுக்க முடியாது.

ரூட்டரையே டைமரில் மாட்டிவிட்டால்?

வேண்டாம். சிசிடிவி நிற்கும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வேலை நிற்கும். இரண்டாம் வாரமே டைமரை நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

சிம் டேட்டாவை என்ன செய்வது?

பிள்ளையின் போன் டியூஷனிலிருந்து கூப்பிடுவதற்கு மட்டும்தான் என்றால் அதற்கு டேட்டாவே தேவையில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பிறகு 2025 தொடக்கத்திலிருந்து, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ்கள் வந்திருக்கின்றன, அதைப் போடுங்கள். நாளுக்கு 1.5 ஜிபி பேக் என்பது 480 பிக்சல் தரத்தில் 2 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ. பேக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே திரைநேரத்தையும் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

குழந்தைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. எப்படிப் பூட்டுவது?

கூகுளின் ஃபேமிலி லிங்க், இலவசம். உங்கள் போனில் அந்தச் செயலியைப் போட்டு, பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கைப் பிள்ளையின் போனில் ஏற்றுங்கள். அந்தப் போனில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் ஜிமெயில் கணக்கு வெளியேற வேண்டும். அதிலிருக்கும் படங்களை முதலிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

உள்ளே இரண்டு கட்டுப்பாடுகளைப் பெற்றோர் குழப்பிக்கொள்கிறார்கள். தினசரி வரம்பு என்பது மொத்த நேரம். டவுன்டைம் என்பது இரவு 9 முதல் காலை 6 வரை போன்ற பூட்டு நேரம். இரண்டையும் வையுங்கள். வரம்பு மட்டும் வைத்தால், மிச்சம் பிடித்த நேரத்தை இரவு 11 மணிக்கு எடுத்துக்கொள்ளும். வரம்பு கருவிக்குக் கருவி தனி: போனில் 1 மணி, டேப்பில் 1 மணி என்றால் மொத்தம் 2 மணி. “எப்போதும் அனுமதி” என்று குறித்த செயலிகள் பூட்டிய பிறகும் திறக்கும். அந்தப் பட்டியலில் கிரோம் போன்ற பிரவுசர் உட்கார்ந்திருந்தால் யூடியூபை அதற்குள்ளேயே பார்த்துவிடலாம். கருவி அமைப்புகளில் புதுப் பயனரைச் சேர்ப்பது, வெளியிலிருந்து செயலி ஏற்றுவது இரண்டையும் தடுத்துவையுங்கள்.

பூட்டிய பிறகும் போனுக்கு வரும் அழைப்பை எடுக்கலாம். அவசரத்துக்கு என்ன செய்வது என்ற பயம் வேண்டாம்.

ஐபோன், ஐபேடில்?

அமைப்புகளுக்குள் “ஸ்கிரீன் டைம்”. 2018-இல் ஐஓஎஸ் 12-ஓடு வந்தது. நான்கு இலக்கப் பின் எண் வையுங்கள், அது போனின் பூட்டு எண்ணாக இருக்கக் கூடாது. செயலிக்கு வரம்பு வைக்கும்போது, வரம்பு முடிந்ததும் தடுக்கச் சொல்லும் தேர்வையும் ஆன் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் “இன்று மட்டும் கண்டுகொள்ளாதே” என்று ஒரு பொத்தான் வரும். பிள்ளை அதை அழுத்திக்கொண்டே போகும்.

தனி போன் கிடையாது. என் போனைத்தான் பிடுங்கிக்கொள்கிறாள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஐபோனில் “கைடட் அக்சஸ்” இருக்கிறது: பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் அந்த ஒரு செயலியோடு திரை பூட்டிக்கொள்ளும், எத்தனை நிமிடம் என்றும் சொல்லலாம். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளில் “ஆப் பின்னிங்” இதற்குச் சமம், ஆனால் அதில் நேரம் வைக்க முடியாது. யூடியூப் கிட்ஸ் செயலிக்குள் ஒரு டைமர் உண்டு. பூட்டுப் படத்தைத் தொட்டால் ஒரு பெருக்கல் கணக்குக் கேட்டுத் திறக்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது பூட்டே இல்லை, சொந்தப் பின் எண் வையுங்கள். ஆண்ட்ராய்டு போன் அமைப்புகளில் இருக்கும் “டிஜிட்டல் வெல்பீயிங்” டைமரை நம்பாதீர்கள். பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் அதை எடுத்துவிடலாம்.

சாப்பிடும்போது போன் காட்டாவிட்டால் ஒரு வாய்கூட இறங்குவதில்லையே?

இதற்கு மட்டும் எந்தக் கருவியும் வைக்காதீர்கள். திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசித்ததும் தெரியாது. ஒரு வேளையை, காலை இட்லியை மட்டும், போன் இல்லாத வேளை ஆக்குங்கள். பெரியவர்களும் கூடவே தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், இட்லியைப் பிய்த்துக் குழந்தையின் தட்டிலேயே போட்டு, தானே எடுக்கட்டும் என்று விடுங்கள். சிந்தும், பாதி தரையில்தான் கிடக்கும். முதல் சில நாள் குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளைக்குப் பசி வரும். எடை குறைவான குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நேரம் முடிந்து அணைந்ததும் கத்தி அழுகிறான்.

பாதிக் கதையில் அணைந்தால் யாருக்கும் கோபம் வரும். கார்ட்டூன் ஒரு பாகம் 24 நிமிடம் என்றால் 15 நிமிட வரம்பு வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம், 30 வையுங்கள். முடிவதற்கு 10 நிமிடம் முன்னும் 5 நிமிடம் முன்னும் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள், அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு மணல் கடிகாரமோ, முறுக்கிவிடும் சமையல் டைமரோ கண்ணெதிரே இருக்கட்டும். நேரம் குறைவதைக் குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் அழுகை கூடும், குறையாது. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் டைமரைத் திருப்பிவிட்டால், அவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அணைந்ததும் செய்ய ஒன்று தயாராக இருக்கட்டும்: மொட்டைமாடி, சைக்கிள், மாவு பிசைவது எதுவானாலும் சரி.

குழுவாக ஆடும் கேம்களுக்கு?

ஒரு ஆட்டம் 20, 30 நிமிடம் போகும். நடுவில் வெளியேறினால் பல கேம்களில் தண்டனைப் புள்ளி விழும், கூட ஆடும் நண்பர்களும் திட்டுவார்கள். “7 மணிக்கு நிறுத்து” என்பதைவிட “6.30-க்குப் பிறகு புது ஆட்டம் தொடங்காதே” என்ற விதி வேலை செய்யும். பூட்டை 7.05-க்கு வையுங்கள்.

தாத்தா பாட்டி போனைக் கொடுத்துவிடுகிறார்களே?

பேரன் மடியில் உட்காருவது அந்தப் போனுக்காகத்தான் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்லாமல், தாத்தாவின் போனிலும் பாட்டியின் போனிலும் பூட்டு எண்ணைப் போட்டுக்கொடுங்கள். “பாட்டி, டைமர் அடிக்கும் வரை நீங்களே வைத்துக் காட்டுங்கள்” என்று பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தால், பெரும்பாலும் உங்களைவிடக் கறாராக இருப்பார்கள்.

15 வயதுப் பெண்ணுக்கும் இதே பூட்டா?

இல்லை. இந்த வயதில் தெரியாமல் உளவு பார்க்கும் செயலி போட்டால், கண்டுபிடிக்கும் நாளில் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவாள். ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடியுங்கள்: இரவு 10 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், உங்களுடையது உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சொல்வாள். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

போனை எடுத்தால் அடிக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான், பல நாளாகத் தூங்கவில்லை, பள்ளிக்கே போக மறுக்கிறான் என்றால் கருவிகளை நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே “ஷட்” என்ற கிளினிக் நடக்கிறது.

வைத்த பின் எண்ணை நானே மறந்துவிட்டால்?

ரூட்டர் அட்மின் பாஸ்வேர்டு, ஸ்கிரீன் டைம் பின், ஃபேமிலி லிங்க் கணக்கின் பாஸ்வேர்டு, டிவியின் பின், நான்கையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள். போனின் நோட்ஸில் வேண்டாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பின் வைக்கும்போது, மறந்தால் மீட்க ஆப்பிள் கணக்கு கேட்கும். அங்கே பிள்ளையின் கணக்கை அல்ல, உங்கள் கணக்கைக் கொடுங்கள்.